வேலியில்லாத வயல்கள்: லாக்ஸ்டன் நாட்குறிப்பு

ஜூன் 15, சனி

லாக்ஸ்டன் என்ற ஊரைப் பற்றி அறுவடை, விதைப்பு எல்லாம் முடியும்வரை அவ்வப்போது எழுதலாம் என்றிருக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் நியூவார்க்கிலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தூரம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே உள்ள சின்னஞ்சிறு ஊர். ஒரு தேவாலயம், டவ்காட் இன் என்று ஒரு பப், வளைந்து போகும் தெரு, தெருவோடு செங்கல் பண்ணை வீடுகள். அவ்வளவுதான் ஊர்.

ஆனால் அந்த வீடுகளை நின்று பார்க்க வேண்டும். பல வீடுகள் பக்கச் சுவரைத் தெருவுக்குக் காட்டி நிற்கின்றன, பின்னால் நீளமாகக் கொல்லை. இங்கிலாந்தில் வேறு இடங்களில் பண்ணை வீடு தன் வயல்களுக்கு நடுவே தனியாக நிற்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். இங்கே பண்ணைகள் எல்லாம் ஊருக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. காரணம், லாக்ஸ்டன் விவசாயி யாருக்கும் நிலம் ஒரே இடத்தில் இல்லை. ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். மூன்றிலும் ஒவ்வொருவருக்கும் நீளப் பட்டைகளாக நிலம் சிதறிக் கிடக்கிறது. நடுவில் வேலி கிடையாது, வரப்பு கிடையாது. ஊருக்குள் வீடு இருந்தால்தான் மூன்றுக்கும் போய்வர வசதி.

இடைக்காலத்தில் நடு இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்கள் இப்படித்தான் உழுதன. இன்று மூன்று வயல் சுழற்சியும் அதை நடத்தும் ஊர் நீதிமன்றமும் சேர்ந்தே உயிரோடிருப்பது லாக்ஸ்டனில் மட்டும்தான்.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று எழுதியதில் சுழற்சி விட்டுப்போயிற்று. ஒரு வயலில் இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமை. இரண்டாவதில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், பார்லி போல. மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு எல்லாம் ஒரு படி நகரும். முன்பெல்லாம் தரிசிலும் அறுவடை முடிந்த தாளிலும் ஊர் ஆடுமாடுகள் பொதுவாக மேயும். இப்போது அந்த மூன்றாம் வயலில் பெரும்பாலும் புல்லோ தீவனப் பயிரோ போடுகிறார்கள்.

இதில் முக்கியமானது, எவரும் தனியாக முடிவெடுக்க முடியாது என்பது. அடுத்தவர் பட்டை தரிசாகக் கிடக்கும்போது நான் மட்டும் நடுவில் கோதுமை போட்டால் மந்தை வந்து மேய்ந்துவிட்டுப் போகும். ஆகவே ஊரே கூடித்தான் பயிர் செய்தாக வேண்டியிருந்தது. எனக்கு இந்த ஊர் மேல் இவ்வளவு பற்று வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 29, சனி

சைக் என்று இங்கே சொல்லும் புல்வெளிகளைப் பார்த்துவந்தேன். வயல்களுக்கு ஊடே தாழ்வாகவும் ஈரமாகவும் இருக்கும் இடங்கள். இங்கே மண் கனமான களிமண்; பள்ளத்தில் ஏர் இறங்கினால் புதைந்துபோகும் என்று அந்தக் காலத்திலேயே விட்டுவிட்டார்கள். பல நூற்றாண்டாக ஏர் படாததால் காட்டுப்பூக்களும் பழைய புல்வகைகளும் தங்கிவிட்டன. அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக இப்போது சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன.

சைக் யாருடைய பட்டையிலும் சேராது, அதன் புல் பொதுச்சொத்து. ஒவ்வொரு கோடையிலும் அந்தப் புல்லை ஏலம் விடுவது வழக்கம். எடுத்தவர் உலர்தீவனத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

இடுப்பளவு புல்லுக்குள் நின்று பார்க்கும்போது இரண்டு பக்கமும் பயிர் சரிவாக ஏறிப்போகிறது, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வேலி மறைக்கவில்லை. இங்கிலாந்தில் இப்படி ஒரு திறந்த வெளியைக் கிராமப்புறத்தில் பார்ப்பது அபூர்வம்.

ஜூலை 13, சனி

நூலகத்தில் 1635 வரைபடத்தின் அச்சுப்பிரதி கிடைத்தது. மதியம் முழுக்க அதிலேயே போனது.

மார்க் பியர்ஸ் என்ற நில அளவையர் தோல் தாள்களில் வரைந்தது. மூலப்பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஊரின் ஒவ்வொரு வீடும், கொல்லையும், ஒவ்வொரு பட்டை நிலமும் அளந்து குறிக்கப்பட்டிருக்கிறது. எது யாருடையது, எவ்வளவு பரப்பு என்று தனியே ஒரு எழுத்துப் பதிவேடும் உண்டு. அன்றைக்குப் பட்டைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நான்காவதாகக் கிழக்கு வயல் என்று ஒன்றும் இருந்தது. இன்னொரு விஷயம், பியர்ஸ் வெறும் கோடுகளோடு நிறுத்தவில்லை. வயலுக்குள் பொடிப்பொடியாக மனிதர்கள்: ஏர் ஓட்டுகிறவர், விதை தூவுகிறவர், கதிர் அறுக்கிறவர்கள், மந்தை மேய்க்கிறவர். நில அளவைக்கு இவர்கள் யாரும் தேவையில்லை. ஆனாலும் வரைந்திருக்கிறார். எந்தக் காலத்து எந்தப் பயிர் என்று அந்தச் சின்ன உருவங்களை வைத்தே படிக்கலாம் போலிருக்கிறது.

இந்த வரைபடம் யாருக்காக என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அப்போது லாக்ஸ்டனின் சொந்தக்காரர் சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வணிகர். பிளாண்டர்ஸிலிருந்து (இன்றைய பெல்ஜியப் பகுதி) அகதியாக வந்த குடும்பம். 1627இல் பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர்களைக் குடியேற்றியது இவர் அனுப்பிய கப்பல்தான். முதலாம் ஜேம்ஸுக்கும் முதலாம் சார்லஸுக்கும் கடன் கொடுத்தவர். இதே 1635இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவோடு வணிகம் செய்ய அவருடைய கூட்டமைப்புக்கு சார்லஸ் மன்னர் அனுமதி கொடுத்தார். அவர்களின் கப்பல்கள் கோவாவுக்கு வந்தன, கன்னடக் கடற்கரையில் பட்கலில் ஒரு பண்டகசாலையும் வைத்தார்கள். கோர்ட்டன் அதைக் காணவில்லை, 1636இல் இறந்துவிட்டார்.

கடல் கடந்து இவ்வளவு தூரம் கணக்குப் போட்ட ஒருவருக்கு, நாட்டிங்ஹாம்ஷயர் களிமண்ணில் எந்தக் குடியானவரிடம் எத்தனை ரூட் (கால் ஏக்கர்) நிலம் என்பதும் தெரிந்தாக வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்த்திருப்பார்: முதலீடு. அதற்காகச் செய்த அளவை, இன்று அந்தக் குடியானவர்களைப் பற்றி நமக்கிருக்கும் மிகச் சிறந்த சாட்சியாகிவிட்டது.

ஜூலை 27, சனி

புனித மைக்கேல் தேவாலயம். இடைக்காலத்தில் இந்த ஊரை ஆண்ட எவரிங்ஹாம் குடும்பத்தாரின் படுத்த நிலைச் சிலைகளைப் பார்க்கத்தான் போனேன். ஆடம் டி எவரிங்ஹாமும் அவருடைய இரு மனைவியரும். இரண்டாம் மனைவி மார்ஜரியின் சிலை மட்டும் ஓக் மரத்தில் செதுக்கியது. நாட்டிங்ஹாம்ஷயரில் இடைக்காலத்து மரச்சிலை இது ஒன்றுதான். கல் சிலைகளைவிட இதுதான் மனதில் நிற்கிறது. 1859-60இல் ஊரின் பெரிய நிலக்கிழாரான மான்வர்ஸ் பிரபு கட்டடத்தைப் புதுப்பித்தபோது நடுக்கூடத்தைக் குறுக்கிவிட்டார்கள், கோபுரத்தையும் மாற்றிக் கட்டினார்கள். அதில் எனக்கு வருத்தம்தான்.

ஆகஸ்ட் 10, சனி

ஊருக்கு வடக்கே கோட்டை மேடு. நார்மன்கள் கையால் குவித்த மண்மேடு, அதைச் சுற்றி அகழி, முற்றம். இப்போது புல் மூடிக் கிடக்கிறது, ஆடுகள் மேய்கின்றன. 1086இல் எழுதிய டூம்ஸ்டே என்ற நாடு தழுவிய நிலக்கணக்கில் இந்த ஊர் ஜெஃப்ரி ஆல்ஸலின் என்ற நார்மன் பிரபுவிடம் இருந்ததாக உண்டு. பின்னால் டி கோ குடும்பமும், அவர்கள் வழியே எவரிங்ஹாம்களும் ஷெர்வுட் அரச காட்டின் காவலர்களாக இங்கிருந்து ஆண்டார்கள். ராபின் ஹூட் கதையில் வரும் காட்டுச் சட்டங்களை நடைமுறைப்படுத்திய ஆட்களின் தலைமையிடம் இந்த மேடு.

ஆகஸ்ட் 24, சனி

அறுவடை நடக்கிறது. பெரிய இயந்திரம் ஒரு பட்டையை முடித்துத் திரும்பும்போது அடுத்தவர் பயிரில் படாமல் ஓட்ட எவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது!

இன்று வேலிகளைப் பற்றி எழுத வேண்டும். ரயிலில் போகும்போது நாம் ரசிக்கிற அந்தச் சதுரம் சதுரமான வயல்களும் புதர்வேலிகளும் பல இடங்களில் இரண்டு மூன்று நூற்றாண்டு வயதுதான். 1604இலிருந்து 1914வரை பாராளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட நில அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்கு. நடைமுறை இப்படி: ஊரின் பெரும்பகுதி நிலத்தை வைத்திருப்பவர்கள் மனுப் போடுவார்கள். ஆணையர்கள் வந்து அளந்து, சிதறிய பட்டைகளைச் சேர்த்து ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். வேலி போடும் செலவு அவரவர் பொறுப்பு. சிறு நிலக்காரர் பலருக்கு அந்தச் செலவே தாங்கவில்லை, விற்றார்கள். ஒரு மாட்டை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் வழக்கமாக உரிமை பெற்றிருந்த ஏழைகளிடம் காட்டப் பத்திரம் இல்லை. அவர்களில் மிகப் பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விளைச்சல் கூடியது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. யாருடைய களஞ்சியத்தில் கூடியது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

லாக்ஸ்டன் எப்படித் தப்பியது? நல்லெண்ணத்தால் என்று சொல்ல முடியாது. மான்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு என இரண்டு பெரிய நிலக்கிழார்களின் பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன, நடுநடுவே சிறு நிலக்காரர்கள். பேச்சு எழுந்தது, முடியவில்லை. வயல்களின் ஓரங்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்வர்ஸ் நிர்வாகம் பட்டைகளைச் சேர்த்து அகலமாக்கியது. இன்று திறந்த வயல் சுமார் 480 ஏக்கர்.

செப்டம்பர் 14, சனி

லாக்ஸ்டன் எல்லைக்குள்ளேயே நாஜிகள் செய்த யூத இனப்படுகொலையை நினைவுகூரும் தேசிய ஹோலோகாஸ்ட் நினைவகமும் இருக்கிறது. 1995இல் ஒரு குடும்பம் தன் முயற்சியில் தொடங்கியது. நினைவு ரோஜாத் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் அருகே யாரோ ஒருவரின் பெயர். இதைப் பற்றி வேறொரு நாள் தனியாகத்தான் எழுத முடியும்.

அக்டோபர் 19, சனி

பட்டியைப் பார்த்தேன். வழிதவறி அடுத்தவர் பயிரில் இறங்கும் மாட்டைப் பிடித்து அடைக்கும் சிறிய அடைப்பு. அதற்குப் பொறுப்பான ஆள் பிண்டர். அபராதம் கட்டினால்தான் மாடு திரும்பக் கிடைக்கும். வேலியில்லாத ஊரில் இவரைப் போல் தேவையான ஆள் யார்!

கோதுமை விதைப்பு வயலில் உழவுச் சால்கள் இன்னும் புதிதாகத் தெரிகின்றன.

நவம்பர் 28, வியாழன்

ஜூரி நாள். நவம்பரின் கடைசி வியாழன். இதற்காகவே விடுப்பு எடுத்திருந்தேன்.

ஊர் நீதிமன்றத்துக்குப் பன்னிரண்டு பேர் ஜூரி. எல்லாரும் இதே நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள். புதிதாகக் கோதுமை விதைத்த வயலைத்தான் பார்ப்பார்கள். டிராக்டர் பின்னால் கோர்த்த வண்டியில் ஏறிப்போய், இறங்கி, பட்டை பட்டையாக நடக்கிறார்கள். பக்கத்துக்காரர் நிலத்தில் ஒரு சால் கூடுதலாக இறங்கியிருக்கிறதா? பொது வழியை உழுதிருக்கிறார்களா? சைக்கின் ஓரத்தைக் கடித்திருக்கிறார்களா? வாய்க்கால் தூர்வாரியிருக்கிறதா? சந்தேகம் வந்தால் எல்லையைப் பார்த்து மரமுளை அடிக்கிறார்கள். நான் பாதை ஓரம் நின்றுகொண்டேன். காலணியில் அப்பிய களிமண்ணைத் தூக்கிக்கொண்டு நடப்பதே சிரமம். அவர்களோ பேசிக்கொண்டே போகிறார்கள். சில இடத்தில் நின்று வாதிடுகிறார்கள், குனிந்து பார்க்கிறார்கள், மறுபடி நடக்கிறார்கள்.

அந்தப் பட்டையை உழுத ஆளும் ஜூரியிலேயே இருக்கலாம். அவரை முன்னால் வைத்துக்கொண்டே அவர் தவறைப் பேச வேண்டும், மறுநாள் அதே ஆளிடம் டிராக்டர் பாகம் கடன் கேட்க வேண்டியும் வரலாம். அதிகாரி ஒருவர் வந்து அளந்தால் இது சுலபம். இவர்கள் சுலபத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய ஆவணங்களில் இந்த நீதிமன்றம் விதித்த அபராதங்களும் இதே குற்றங்களுக்குத்தான்: மிகுதியாக உழுதது, வாய்க்காலை விட்டது, மாட்டைக் கட்டாமல் விட்டது.

பிறகு பப்பில் மதிய உணவு, அப்புறம் அபராதங்களை முடிவு செய்வது. தொகை பெரிதில்லை. பெயர் படிக்கப்படுவதுதான் பெரிது.

டிசம்பர் 5, வியாழன்

ஜூரி நாளுக்கு ஒரு வாரம் கழித்து டவ்காட் இன்னில் கோர்ட் லீட் என்ற ஊர் நீதிமன்றம் கூடுகிறது. நிலவுடைமையாளர் சார்பில் ஒரு ஸ்டீவர்ட் தலைமை. பெய்லிஃப் என்ற நீதிமன்றப் பணியாளர் அழைப்பு விடுத்துத் தொடங்கி வைப்பார். ஜூரி எழுதிவைத்த குற்றங்களும் அபராதங்களும் ஏற்கப்படும், அடுத்த ஆண்டுக்கான ஜூரி உறுதிமொழி எடுக்கும். 1977இல் ஒரு சட்டம் இங்கிலாந்து முழுவதும் இருந்த இத்தகைய பழைய மேனர் (நிலக்கிழார்) நீதிமன்றங்களின் அதிகாரத்தை முடித்துவைத்தபோதும், லாக்ஸ்டன் தன் வழக்கமான வேலையைத் தொடர முடிந்தது.

நிலம் கைமாறிய கதையும் சொல்லிவிட வேண்டும். ஆண் வாரிசு இல்லாத ஆறாவது மான்வர்ஸ் பிரபு 1952இல் இந்த ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார், வயல்முறை அழியக்கூடாது என்ற எண்ணத்தோடு. 1981இல் அது அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. மான்வர்ஸ் பிரபுக்களின் பியர்பாண்ட் குடும்ப வழி எஸ்டேட்தான் அது. அரசிடம் இருந்தால் பாதுகாப்பு, தனியார் கைக்குப் போனால் ஆபத்து என்று எளிதாகச் சொல்ல மனம் வருகிறது. ஆனால் எனக்கிருக்கும் கவலை உடைமையாளர் யார் என்பதைவிடப் பயிர் செய்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான். குறுகிய பட்டைகளில் இன்றைய அகலமான இயந்திரங்களை ஓட்டி, கோதுமை விலையை நம்பிப் பிழைக்கும் சிறு குத்தகைக்காரர்கள் எங்கும் குறைந்துகொண்டுதான் வருகிறார்கள். வயலைச் சட்டத்தால் காக்கலாம். ஜூரிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டுமென்றால், அந்த ஊரில் அத்தனை குடும்பங்கள் பயிர்த்தொழிலில் இருக்க வேண்டும். குத்தகையை எந்த நிபந்தனையில் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் இனி கவனித்துக்கொண்டிருக்கப் போகிறேன்.

வரும் இலையுதிர் காலத்தில் கோதுமை அடுத்த வயலுக்குப் போகிறது. அதன் எல்லைகளைப் பார்க்க வேண்டியவர்கள், இந்தக் கூட்டத்தில் உறுதிமொழி எடுக்கும் பன்னிரண்டு பேர்.