ஹாஃப் டோம் ஏறப் போனோம், கார் கண்ணாடிக்குப் பணம் கட்டினோம்

ஒரு பொருள்கூடத் திருடு போகவில்லை. ஆனாலும் வாடகைக் கார் நிறுவனம் அனுப்பிய பில் வந்து சேர்ந்துவிட்டது. உடைந்த கண்ணாடிக்கு ஒரு தொகை, நிர்வாகச் செலவு என்று ஒரு தொகை, கார் பழுதுபார்க்கக் கிடந்த நாட்களில் வேறு யாருக்கும் வாடகைக்கு விட முடியாமல் போனதற்கு இன்னொரு தொகை. அந்த மூன்றாவதைப் படித்ததும் வயிறு எரிந்தது. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஹாஃப் டோம் என்ற பாறை மலையில் ஏறியதை வரிசையாக, அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்படி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். ஆனால் முதலில் கார் விவகாரம்.

கோவையிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். நான் டாலஸிலிருந்து போய்ச் சேர்ந்துகொண்டேன். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இருந்ததிலேயே மலிவான சிறிய காரை எடுத்தோம். பெட்டிகளை விடுதி அறையில் போட்டுவிட்டு, மாலையில் ட்வின் பீக்ஸ் குன்றுக்கு ஊரைப் பார்க்கப் போனோம். காருக்குள் ஒரு தண்ணீர் பாட்டில்கூடக் கிடையாது. திரும்பி வந்தால், பின்கதவை ஒட்டிய சின்னக் கண்ணாடி தரையில் கல்லுப்பைக் கொட்டியதுபோல் சிதறிக் கிடக்கிறது. பின்சீட்டின் முதுகு முன்னால் மடிந்திருந்தது.

அந்த ஊரில் திருடுகிறவர்களின் வேலை முறை அதுதான். சின்னக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டு, பின்சீட்டை மடித்து, டிக்கியை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் அடுத்த கார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டிக்கிக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஜன்னலில் வாடகைக் கார் நிறுவனம் ஒட்டியிருக்கும் பார்கோடு ஸ்டிக்கர், உள்ளே இருப்பவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று ஊருக்கே அறிவித்துவிடுகிறது.

இதில் சட்டம் இன்னொரு கூத்து. கலிஃபோர்னியாவில் கார் கண்ணாடியை உடைத்துத் திருடியவரைப் பிடித்தாலும், கதவு பூட்டியிருந்தது என்று நிரூபித்தால்தான் அந்தக் குற்றப்பிரிவு நிற்கும் என்ற நிலை நெடுநாள் இருந்தது. பயணி ஊர் திரும்பிவிட்டால் சாட்சி சொல்ல யார் வருவது? 2024-இல் சட்டம் இயற்றி, 2025 முதல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். புகாரை இணையத்திலேயே பதிவு செய்யலாம். பதிவு எண் இன்சூரன்ஸுக்குத் தேவைப்படும், அவசியம் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு ஒன்று: கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் பாதுகாப்பு பொதுவாகக் காருக்குத்தான், உள்ளே இருக்கும் உங்கள் லேப்டாப்புக்கு அல்ல.

மறுநாள் காரை மாற்றப் போனால் இருந்தது ஒரே ஒரு மினிவேன். அண்ணிக்கு மகிழ்ச்சி, காலை நீட்டிக்கொள்ளலாம். எனக்குப் பெட்ரோல் கவலை. யோசெமிட்டியைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு மினிவேன் என்றால் இன்னொரு கவலையும் வரும். அங்கே காரை உடைப்பது மனிதர்கள் மட்டும் அல்ல, கரடிகளும்தான்.

சிரிக்காதீர்கள். 1998-ஆம் ஆண்டில் மட்டும் யோசெமிட்டியில் கரடிகளால் 1,500-க்கும் மேற்பட்ட சம்பவங்கள், ஆறரை லட்சம் டாலர் அளவுக்குச் சேதம். கருங்கரடி கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பில் நகத்தை மாட்டிக் கீழே வளைத்துவிடும். உள்ளே புகுந்து, பின்சீட்டைப் பிய்த்து டிக்கிக்குப் போகும். ட்வின் பீக்ஸில் பார்த்த அதே தொழில்! 2001 முதல் 2007 வரை அங்கே கரடிகள் உடைத்த வாகனங்களை ஆராய்ந்தவர்கள், மினிவேன்கள்தான் அங்கே வந்த எண்ணிக்கைக்கு மீறி அடிவாங்கின என்று கண்டார்கள். குழந்தைகள் சிந்திய தீனியின் வாசனை ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். எங்கள் வண்டியில் முன்பு எத்தனை குழந்தைகள் என்னென்ன சிந்தினவோ! விடுதி வாசலில் சீட்டுகளின் இடுக்கெல்லாம் கைவிட்டு ஈரத்துணியால் துடைத்தோம். ஒரு சீட்டுக்கு அடியில் பாதி பிஸ்கட் அகப்பட்டது.

விடிவதற்கு முன்பே மலைப்பாதையின் தொடக்கத்தில் இருக்கும் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினோம். இருட்டிய பிறகு காரில் உணவு இருக்கக் கூடாது என்பது விதி. ஹாஃப் டோம் போகிறவர்கள் இருட்டில் கிளம்பி, பெரும்பாலும் இருட்டில் திரும்புகிறவர்கள், ஆகவே தப்ப வழியில்லை. உணவு என்றால் சாப்பாடு மட்டும் என்று எண்ண வேண்டாம். பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், உதட்டுக்குப் பூசும் களிம்பு, குப்பைப் பை என வாசனை அடிக்கும் எல்லாம் அதில் சேர்த்தி. அங்கே பழுப்பு நிறத்தில் இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் அண்ணி பையிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுக்க, நான் அடுக்கினேன். புளியோதரை, தட்டை, கடைசியாகத் தக்காளித் தொக்கு.

"இது எதற்கு அண்ணி இவ்வளவு தூரம்?"

"கீழே இறங்கி வரும்போது நீதான் முதலில் கேட்பாய், உள்ளே வை."

(கேட்டேன்.)

சிக்கல் இங்கேதான். அந்த இரும்புப் பெட்டி பொது. கரடியால் திறக்க முடியாத கொக்கி மட்டும் இருக்கும், பூட்டு கிடையாது. ஆகவே உணவைப் பெட்டியில் வைக்கலாம், பாஸ்போர்ட்டை வைக்க முடியாது. பாஸ்போர்ட்டைக் காரில் வைத்தால் மனிதர், உணவைக் காரில் வைத்தால் கரடி. லேப்டாப்பையும் மற்ற பெட்டிகளையும் பூங்காவுக்கு வெளியே ஓக்ஹர்ஸ்ட் ஊரில் நாங்கள் தங்கிய விடுதியிலேயே விட்டுவிட்டோம். இதற்காகவே ஏறும் நாளுக்கு முந்தைய இரவும் பிந்தைய இரவும் ஒரே அறை எடுத்தோம். ஒரு இரவு வாடகை கூடுதல்தான், ஆனால் அந்தப் பில்லோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பாஸ்போர்ட்டுகளை அண்ணி மூன்று பிளாஸ்டிக் உறைகளுக்குள் போட்டு இடுப்புப் பையில் கட்டிக்கொண்டார். வெர்னல் அருவியை ஒட்டி ஏறும் மிஸ்ட் பாதையில் சாரல் அடித்து நாங்கள் தொப்பலாக நனைந்தபோது அந்த மூன்றாவது உறையின் அருமை தெரிந்தது.

அடுத்தது சாவி. வாடகைக் கார்க்காரர்கள் இரண்டு சாவிகளையும் வெட்ட முடியாத ஒரே கம்பி வளையத்தில் கோத்துத் தருகிறார்கள். இரண்டு சாவி இருந்தும் ஒரு சாவிதான். பாதி வழியில் இருக்கும் நெவாடா அருவி வரைதான் தன்னால் முடியும் என்று அண்ணி முன்பே சொல்லிவிட்டார். சாவியைச் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டால் முதலில் வருபவர் எடுத்துக்கொள்ளலாம் என்றான் அண்ணன். மலையேறுகிறவர்கள் சாவியை எங்கே ஒளிப்பார்கள் என்று திருடனுக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. முதலில் இறங்குபவரிடம் சாவி இருக்கட்டும் என்று முடிவாகி, அண்ணியிடமே போயிற்று.

மலையைப் பற்றி இப்போதுதான் வருகிறேன். ஹாஃப் டோமின் கடைசி 400 அடிக்கு இரண்டு இரும்புக் கேபிள்களைப் பிடித்துக்கொண்டு வழுக்குப் பாறையில் ஏற வேண்டும். இடையிடையே காலை ஊன்ற மரக்கட்டைகள். இந்தக் கேபிள்களை 1919-இல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அமைத்தது. அதற்கு முன் 1875-லேயே ஜார்ஜ் ஆண்டர்சன் என்பவர் பாறையில் துளையிட்டு, இரும்பு முளைகளை அடித்து முதலில் ஏறிவிட்டார். பாதி உயரத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் நின்றுவிட்டார். கட்டையில் ஒரு கால், பாறையில் ஒரு கால், ரப்பர் கையுறைக்குள் வியர்வை. பக்கவாட்டில் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன். உச்சியில் நின்றபோது பில், கண்ணாடி, கரடி எதுவும் நினைவில் இல்லை. எத்தனை கண்ணாடி உடைந்தாலும் இந்த இடத்துக்கு இன்னொரு முறை வருவேன் என்று அண்ணனிடம் கத்தினேன், காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை.

தருவதாகச் சொன்ன விவரங்களை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பர்மிட் இல்லாமல் கேபிளில் ஏற முடியாது. முக்கியக் குலுக்கல் மார்ச் மாதத்தில் நடக்கும், ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை சேரலாம். விண்ணப்பத்துக்கு 10 டாலர், கிடைத்தால் ஆளுக்கு 10 டாலர். தவறினால் போக நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு இன்னொரு குலுக்கல் உண்டு. போய்த் திரும்ப 14 முதல் 16 மைல். பிடிப்புள்ள கையுறை கட்டாயம். காரில் எதை மறைக்க வேண்டுமோ அதைப் பார்க்கிங்குக்கு வருவதற்கு முன்பே மறைத்துவிடுங்கள். நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்து பையை அடுக்குவதும், போர்வை போட்டு மூடுவதும் நாமாகத் திருடனைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குச் சமம். யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. பூங்காவின் தெற்கில் இருக்கும் வாவோனாவில் உண்டு, ஆனால் வெளியூர்களிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு போவது நல்லது, அதுவும் மினிவேன் என்றால்.