ஐந்து நிமிடம் கேட்டு அரை மணி நேரம்

சாலஞ்சர் விண்வெளி ஓடத்தை மறுநாள் ஏவலாமா என்று 1986 ஜனவரி 27 இரவு நாசாவோடு நடந்த அந்தத் தொலைபேசிக் கூட்டம் என்றால் எல்லோருக்கும் தொப்பிதான் நினைவு வரும். சாலஞ்சரின் பூஸ்டரை, அதாவது அதை மேலே தள்ளும் துணை ராக்கெட்டைச் செய்த தயோக்கால் நிறுவனத்தில், மேலதிகாரி மேசன் தன் பொறியியல் துணைத் தலைவர் லண்டிடம் 'பொறியாளர் தொப்பியைக் கழற்று, நிர்வாகத் தொப்பியைப் போடு' என்றார். அதுவரை 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக் கூடாது என்று நின்றவர் லண்ட். தயோக்கால்காரர்கள் ஐந்து நிமிட அவகாசம் கேட்டு லைனிலிருந்து விலகியிருந்தபோது சொன்னதுதான் அந்தத் தொப்பி வார்த்தை. அரை மணி கழித்துத் திரும்பியபோது 'ஏவலாம்'. மறுநாள் ஏவும்போது 2 டிகிரி. 73 வினாடியில் ஓடம் சிதறியது. இறந்தது ஏழு பேர்.

லண்டைத் திட்டுவது சுலபம். எனக்கு உறுத்துவது பொறியாளர்கள் பக்கம். பூஸ்டரின் இணைப்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் ஓ-ரிங்; குளிரில் அது சரியாக அடைக்காது என்பது அவர்கள் வாதம். ஆனால் அவர்கள் காட்டியதில், முன்பு ஓ-ரிங் சேதமான பயணங்கள்தான் இருந்தன. 12 டிகிரியில் போனதிலும் சூடான வாயு ரிங்கைத் தாண்டியிருந்தது, 24 டிகிரியில் போனதிலும் தாண்டியிருந்தது. இதை வைத்துக் குளிர்தான் காரணம் என்று யாரை நம்பவைப்பது? சேதமில்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தால் கதையே வேறு: 19 டிகிரியும் அதற்கு மேலும் 20 பயணம், சேதம் மூன்றில். அதற்குக் கீழே 4, நான்கிலும் சேதம். விசாரணைக் குழுதான் பிறகு இதை எடுத்துக் காட்டியது.

ஆக, நாசா ஆதாரம் கேட்டது தப்பில்லை. நானும் கேட்டிருப்பேன். ஆனால் எதற்கு ஆதாரம்? வழக்கமாகப் 'பத்திரம் என்று காட்டு' என்பார்கள். அன்று 'ஆபத்து என்று நிரூபி' ஆகிவிட்டது. லண்டே விசாரணையில் இதை ஒப்புக்கொண்டார்.

தலைமையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்வதுண்டு. கூட்டத்துக்கு முன்பே இரண்டு வரி எழுதிக்கொள்ள வேண்டும்: என் முடிவு இது, இன்ன தகவல் வந்தால் மட்டும் மாற்றுவேன். மனம் மாறும்போது வந்தது புதுத் தகவலா, வெறும் அழுத்தமா என்று அந்தத் தாளோடு ஒப்பிட வேண்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் லண்டிடம் அந்த வரி இருந்ததே! 12 டிகிரி என்று எழுதி, நாசாவுக்கே காட்டிய வரி.

தாளை வேறொருவரிடம் கொடுத்து வைப்பது கொஞ்சம் மேல். அவர் நமக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது. இல்லையென்றால் இளையவரில் தொடங்கி, பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கேட்கலாம். அன்றும் கடைசியில் 'வேறு கருத்து உண்டா?' என்று பொதுவாகக் கேட்டார்கள். லைனில் சத்தமே இல்லை.

'பத்திரம் என்று காட்டு' என்பது 'ஆபத்து என்று நிரூபி' என வீட்டில் இன்னும் சுலபமாகப் புரளும். ராத்திரி பைக்கில் ஏற்காடு போகிறேன் என்கிறான் பையன். வேண்டாம் என்கிறார் அப்பா. "எல்லாரும் போறாங்கப்பா. என்ன ஆயிடும், சொல்லுங்க?" என்ன ஆகும் என்று அவரால் நிரூபிக்க முடியாது. சாவி கைமாறுகிறது. பத்திரம் என்று நீ காட்டு என்று திருப்பிக் கேட்கலாம்தான்: ஹெல்மெட் இருக்கிறதா, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், மலை ஏறும்போது யார் ஓட்டுவது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இப்படிக் கேட்டால், அடுத்த தடவை அவன் சொல்லாமல் போய்விடுவான்.