நீஹா: ரொட்டி சாப்பிடாத பெண் இருந்த ஊர்

அக்டோபர் 5, 2018, வெள்ளி

பெய்ரூட்டில் கோலா சந்திப்பில் ஏறிய வேன், தஹ்ர் எல் பைதர் கணவாயைத் தாண்டும்வரை பனிமூட்டத்துக்குள்ளேயே ஊர்ந்தது. இறங்கியதும் பளிச்சென்று வெயில். கீழே பெக்கா சமவெளி, அறுவடை முடிந்து பழுப்பேறிக் கிடந்தது. ஷ்தூராவில் மாறி ஸஹ்லே, அங்கிருந்து டாக்ஸி. மேற்கு மலைச்சரிவில் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே நீஹா என்ற கிராமம். ரோமானியர் காலத்துக் கோயில்கள் இருக்கும் ஊர்.

லெபனானுக்கு வருகிறவர்கள் நேரே பால்பெக் போய்விடுவார்கள். அங்கே ரோமானியக் கடவுள் ஜூபிடரின் கோயிலில் ஆறு தூண்கள் நிற்கின்றன, பிரம்மாண்டம்தான். ஆனால் ஒரு கிராமத்துக் கோயில் எப்படி இருந்தது என்று பார்க்க எனக்கு ஆசை.

தங்கிய வீட்டில் அந்த அம்மா சாப்பாட்டை நிறுத்தவே விடவில்லை. லப்னே என்ற கெட்டித் தயிர், ஆலிவ், தக்காளி, சுடச்சுட சாஜ் என்ற மெல்லிய ரொட்டி. போதும் என்று கையை விரித்தால் "ஸஹ்தைன்!" (நன்றாகச் சாப்பிடு) என்று இன்னொன்று வந்து விழுகிறது.

அக்டோபர் 6, சனி

காலை ஏழரைக்கே கோயிலில் இருந்தேன். காவலர் கதவைத் திறந்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டார். வேறு யாரும் இல்லை.

பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. எதிரே சமவெளி, அதற்கப்பால் கிழக்கு லெபனான் மலைத்தொடர். சூரியன் அங்கிருந்துதான் ஏறி வருகிறது. விழுந்த கற்களை இருபதாம் நூற்றாண்டில் எடுத்து அடுக்கிப் பாதிக்குமேல் நிமிர்த்தியிருக்கிறார்கள். பழைய கல் எது, புதுக் கல் எது என்று நிறத்திலேயே தெரிகிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

உள்ளே போனால், கடைசியில் இன்னும் படிகள். அதன்மேல் மேடை, மேடையில் சாமி இருந்த இடம், அடியில் நிலவறை. நம்மூர்க் கருவறை மாதிரிதான், ஆனால் தரையில் இல்லாமல் ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே. ரோமில் பார்த்த கோயில்கள் இப்படி இல்லை. இந்தச் சிரியப் பகுதியின் கோயில்களில்தான் உள்ளே இப்படி மேடை கட்டி சாமியை மேலே வைத்திருக்கிறார்கள். தூண் தலைப்பில் கிரேக்க-ரோமானிய பாணியில் கொரிந்திய இலைகள், உள்ளே உள்ளூர் சாமி.

அந்த சாமியின் பெயர் ஹதரானெஸ். கூடவே அதர்காதிஸ், சிரியர்களின் பெண் தெய்வம். ஜூபிடரும் இல்லை, வீனஸும் இல்லை. அப்படியானால் இந்த மலைக் கிராமத்தில் லத்தீன் கல்வெட்டு எதற்கு? பெய்ரூட்டில் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் தன் ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியேற்றினார். அந்த நகரத்தின் நிலம் மலை தாண்டி பெக்கா வரை நீண்டிருந்தது. அந்த வழியாக வந்த லத்தீன். இதை 'ரோமானியக் கோயில்' என்று சொல்வது பாதி உண்மைதான் என்பது என் கட்சி.

கல்வெட்டுகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்று. ஹொக்மேயா என்ற பெண், ஹதரானெஸுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கன்னி. சாமியின் கட்டளைப்படி 20 ஆண்டுகள் ரொட்டியே சாப்பிடவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வேறென்ன சாப்பிட்டாள்? கல் சொல்லவில்லை. திராட்சையும் அத்தியும் விளைகிற ஊர். பட்டினி கிடந்திருக்க மாட்டாள். ஆனாலும் வீட்டுக்கு வீடு ரொட்டி மணக்கிற இடத்தில் 20 வருஷம்! சாமி ஒன்றும் சுலபமான விரதத்தைக் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் அந்த அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "பாவம், யார் வீட்டுப் பெண்ணோ" என்றார். சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு ரொட்டியை மடித்து வைத்தார்.

அக்டோபர் 7, ஞாயிறு

இன்று ஹுஸ்ன் நீஹா. ஊருக்கு மேலே நல்ல ஏற்றம், முழங்கால் கெஞ்சியது. அங்கேயும் கோயில்கள், ஆனால் யாரும் நிமிர்த்தி வைக்கவில்லை. தூண் துண்டுகள் முள்செடிக்குள் உருண்டு கிடக்கின்றன. பின்னாளில் கோட்டையாக்கி, கோயில் கல்லையே சுவருக்கு வைத்திருக்கிறார்கள். பால்பெக்கில் ஆய்வு செய்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் இந்த மலைக் கோயில்களையும் அளந்து வரைந்தார்கள். 1938இல் அது புத்தகமாக வந்தது.

கீழே இருப்பது அழகு. ஆனால் இரண்டில் ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் நான் மேலே வருவேன். இங்கே எது எங்கே இருந்திருக்கும் என்று நாமே யோசித்துச் சேர்த்துப் பார்க்கலாம். தண்ணீர் மட்டும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் ஒரு கடைகூட என் கண்ணில் படவில்லை.