கடலோடு போன கார் சாவி

கார் சாவி தொலைந்துவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, "இன்னொரு சாவி வீட்ல இருக்குல்ல?" எங்களிடம் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. வாங்கும்போதே ஒரு சாவிதான் வந்தது. அந்த ஒன்றும் திருச்செந்தூர் கடலோடு போய்விட்டது.

மதுரையிலிருந்து குடும்பத்தோடு போயிருந்தோம். வண்டி ஓட்டி வந்தவர் மாமனார். கடலில் முங்கி எழுந்து நாழிக்கிணற்றுப் பக்கம் நடக்கும்போது இடுப்பைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, வேட்டி மடிப்புலதான் சொருகியிருந்தேன்" என்றார். கரையோரம் மணலை அரித்துக் காசு தேடிக்கொண்டிருந்த ஒருவரிடமும் சொல்லி வைத்தோம். அவர் சிரித்துவிட்டு, "தங்கம்னா கனத்துக்குக் கீழ தங்கும் அண்ணாச்சி. சாவிய அலை எங்க கொண்டு போடுதுன்னு யாருக்குத் தெரியும்" என்றார். அத்தோடு தேடுவதை விட்டோம். ரிமோட்டோடு சேர்ந்த சாவி உப்புத் தண்ணீரில் ஊறிய பிறகு கிடைத்தாலும் எந்த அளவுக்கு உதவியிருக்கும் என்பது வேறு விஷயம்.

பைக் சாவி போல பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் அரைத்து வாங்கிக் கொள்ளலாம் என்று மாமனார் நினைத்தார். அப்படி முடியாததற்குக் காரணம் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப். அரிசி மணி அளவுதான் இருக்கும். டிரான்ஸ்பாண்டர் என்பார்கள். சாவியை இக்னிஷனில் போட்டதும் அந்தத் துவாரத்தைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம் அதற்கு மின்சக்தி கொடுத்து அதன் அடையாளத்தைக் கேட்கும். பதில் சரியாக வந்தால்தான் இன்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டர் எரிபொருளை விடும். இதற்குப் பெயர் இம்மொபிலைசர். ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களில் இது கட்டாயம். நம் ஊரிலும் சாதாரண ஹேட்ச்பேக் வரைக்கும் வந்து வெகுகாலம் ஆகிறது. இந்த சிப்புக்கு பேட்டரி கிடையாது. சாவிக்குள் நாம் மாற்றும் வட்ட பேட்டரி கதவு பூட்டித் திறக்கும் ரிமோட்டுக்கு மட்டும். திருகும் சாவி வண்டியில் அந்த பேட்டரி செத்துப் போனாலும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து இன்ஜினைக் கிளப்பிவிடலாம்.

பாலிசியோடு ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருந்ததால் முதலில் அங்கே போன் போட்டோம். எடுத்த பெண் பொறுமையாகவே பேசினார். வீட்டில் மாற்றுச் சாவி இருந்தால் கொண்டுவர ஏற்பாடு செய்வார்களாம். இல்லையென்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவார்களாம், குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு மேல் போனால் நம் காசு. இரண்டாவது வழியில் எனக்கு இஷ்டமில்லை. சர்வீஸ் சென்டரில் சாவி தயாராக இருக்காது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனியிலிருந்து வரவழைக்க வேண்டும். அதுவரை வண்டி அங்கேயே கிடக்கும், நாங்கள் பஸ்ஸில் மதுரை போய்ச் சேர வேண்டும்.

ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தோம். உள்ளூர் சாவிக்காரர், "சிப் சாவின்னா நான் தொடமாட்டேன்" என்று நேராகச் சொல்லிவிட்டு திருநெல்வேலியில் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். அவர் போனில் கேட்ட கேள்விகளே நம்பிக்கை தந்தன. என்ன மாடல், எந்த வருடம், பட்டன் ஸ்டார்ட்டா திருகும் சாவியா, கையில் ஒரு சாவிகூட இல்லையா, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் வருகிறேன் என்று சொல்லும் சாவிக்காரரிடம் வண்டியைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

திருநெல்வேலியிலிருந்து வந்து செய்து கொடுக்க 7,500 ரூபாய் கேட்டார். கையில் ஒரு சாவி இருந்து வண்டியைக் கடைக்கே கொண்டு வந்திருந்தால் 2,500-ல் முடிந்திருக்குமாம். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று மச்சான் பேரம் பேசப் பார்த்தான். ஒரு சாவி உயிரோடு இருந்தால் அதிலுள்ள தகவலை இன்னொரு சிப்பில் நகல் எடுத்துவிடலாம், வண்டியைத் தொடவே தேவையில்லாமல் போகலாம். எதுவுமே இல்லையென்றால் கதவைத் திறப்பதில் தொடங்கி வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுவது வரை எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும். பயணச் செலவு வேறு. பேரம் படியவில்லை.

அவர் வந்து சேர்வதற்குள் நானும் மச்சானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இதை அங்கேயே முடித்தது நல்லதாகப் போயிற்று. தொலைந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கேதான் மனு கொடுக்கச் சொல்வார்கள், மதுரைக்குத் திரும்பிய பிறகு என்றால் மறுபடி இவ்வளவு தூரம் வர வேண்டும். சாவி தொலைந்ததற்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். மனுவைப் பதிந்து சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், பெரும்பாலும் அது போதும். மனுவில் வண்டி எண், இன்ஜின் எண், சேசிஸ் எண், தொலைந்த இடம், நேரம் எல்லாம் எழுதினோம். அங்கிருந்த ஏட்டு படித்துப் பார்த்துவிட்டு, "வண்டி உங்ககிட்டதான் இருக்குன்னு ஒரு வரி சேருங்க. இல்லன்னா வண்டியும் போயிட்டுன்னு நினைப்பாங்க" என்றார். பிறகு இன்சூரன்ஸ்காரர்களிடம் பேசும்போது அந்த வரி எங்களுக்கு உதவியது.

ஆர்.சி. புத்தகம் பூட்டிய வண்டிக்குள் இருந்தது. போனில் டிஜிலாக்கர் ஆப்பில் இருந்ததைக் காட்டினேன். டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் உள்ள ஆவணங்களை ஏற்க வேண்டும் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2018-லேயே சொல்லிவிட்டது. எந்தக் கேள்வியும் வரவில்லை.

சாவிக்காரர் பைக்கில் வந்தார். முதுகில் ஒரு பை, முன்னால் ஒரு பெட்டி. முதல் வேலையாக ஆர்.சி.யையும் என் லைசென்ஸையும் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு காற்றில்லாத ஒரு தட்டையான ரப்பர் பையைக் கதவு இடுக்கில் செருகிக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றடித்தார். கதவின் மேல் விளிம்பு விரல் நுழையும் அளவுக்கு விலகியது. நீளமான கம்பியை உள்ளே விட்டுக் கதவைத் திறந்ததும் வண்டியின் அலாரம் அலற ஆரம்பித்தது. பார்க்கிங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், காவலாளி ஓடி வந்தார், அவருக்கும் ஒரு தடவை டிஜிலாக்கர். சாவிக்காரர் இதற்கெல்லாம் அசரவில்லை. பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அடுத்து அவர் எடுத்தது கதவுப் பூட்டுக்குள் விடும் ஒரு மெல்லிய கருவி. லிஷி என்கிறார்கள். அதன் மேல் அளவுகோல் போலக் கோடுகள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தகடும் எந்த உயரத்தில் நிற்கிறது என்று விரல் நுனியால் உணர்ந்து, எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டே போனார். பக்கத்தில் பேசினால்கூடக் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். எண்கள் முழுதாக வந்ததும் பெட்டியிலிருந்த சிறிய மெஷினில் புதுச் சாவியை வெட்டினார். கதவில் போட்டதும் திரும்பியது. இக்னிஷனில் போட்டதும் திரும்பியது, ஸ்டியரிங் பூட்டும் விடுபட்டது. மாமனார் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது.

கழற்றிய பேட்டரி ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. "இது இன்னும் உங்க வண்டிக்கு அன்னியச் சாவிதான்" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு டேப்லெட்டை இணைத்தார். சாவியைப் பதிய வண்டியின் ரகசிய எண் (PIN) வேண்டும். எங்கள் மாடலில் அதைக் கருவியே படித்துவிட்டது. எல்லா வண்டியிலும் இது நடக்காது என்பதையும் அவரே சொன்னார். சில வண்டிகளுக்குக் கம்பெனியிடமிருந்துதான் அந்த எண் வர வேண்டும், சிலவற்றில் கம்ப்யூட்டரையே கழற்ற வேண்டியிருக்கும். பதிவு நடக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கக் கூடாது என்பதால் உள்விளக்கைக்கூட அணைக்கச் சொன்னார்.

டேப்லெட்டைப் பார்த்தபடி, "உங்ககிட்ட எத்தனை சாவி இருந்துச்சு?" என்றார். ஒன்று என்றேன். "வண்டியில ரெண்டு பதிவாகியிருக்கு" என்றார்.

வண்டியை விற்றவர் எங்களிடம், ஆரம்பத்திலிருந்தே ஒரு சாவிதான் என்று சொல்லியிருந்தார். அங்கிருந்தே போன் செய்தேன். "அது எப்பவோ காணாம போச்சு சார்" என்று முடித்துக்கொண்டார். இருக்கலாம். ஆனால் இத்தனை நாளும் எங்கள் வண்டியைக் கிளப்பக்கூடிய ஒரு சாவி எங்கோ இருந்திருக்கிறது. பழைய பதிவுகள் இரண்டையும் அழித்துவிட்டுப் புதுச் சாவியை மட்டும் ஏற்றினார். விளக்கு சிமிட்டலை நிறுத்தி அணைந்தது. இன்ஜின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் டயர், கிளட்ச், கிலோமீட்டர் எல்லாம் பார்க்கிறார்கள். ஸ்கேனரை மாட்டி எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பவர்களை நான் இதுவரை கண்டதில்லை. வாங்கிய கையோடு பழையதை அழித்து உங்கள் சாவிகளை மட்டும் பதியச் சொல்லுங்கள். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பதிவை அழித்தாலும் பழைய சாவியின் இரும்பு அப்படியேதான் இருக்கும். கிளப்ப முடியாது, ஆனால் கதவு திறக்கும்.

மதுரையில் சர்வீஸ் சென்டருக்குப் போனபோது அங்கிருந்த அட்வைசர் லாக் செட்டையே மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தது இந்தக் காரணத்தால்தான். இக்னிஷன், கதவுகள், டிக்கி எல்லாவற்றுக்கும் புதுப் பூட்டு. வீட்டு முகவரி இருக்கும் பர்ஸோடு சாவி திருடு போயிருந்தால் நானும் சரி என்றிருப்பேன். எங்கள் சாவி கடலுக்குள். விற்றவரிடம் இருந்தது என்றால் அவர் நடுராத்திரி வந்து என் வண்டியில் குடையைத் தேடப் போவதில்லை. ரிமோட்டோடு கூடிய இரண்டாவது சாவி மட்டும் போதும் என்றேன்.

அதற்கு ஆர்.சி., ஆதார், இன்சூரன்ஸ், சி.எஸ்.ஆர். ரசீது நகல்களைக் கேட்டார்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில் மாட்டுவார்கள். சாவியோடு ஒரு குட்டித் தகடு அல்லது வில்லை கோத்துக் கொடுத்திருப்பார்கள், அதில் சாவி எண் இருக்கும். அது இருந்தால் வெட்டிய சாவியாகவே வரவழைக்க வழி உண்டு. எங்களிடம் இல்லாததால் சேசிஸ் எண்ணை வைத்து ஆர்டர் போட்டார்கள். பணம் முழுவதும் முன்கூட்டியே, பதிவுக் கூலியோடு கிட்டத்தட்ட 5,000 ரூபாய். ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. சாவி வந்ததும் வண்டியைக் கொண்டு வரச் சொல்லும்போது, கையிலிருக்கும் சாவியையும் மறக்காமல் எடுத்து வரச் சொன்னார்கள். எங்கள் வண்டியில் பதிவு செய்யும்போது பழையவை அழிந்துவிடும், எதிரில் இருக்கும் சாவிகள் மட்டும் ஏறும். வீட்டில் விட்டுவிட்டு வந்தால் திருநெல்வேலிக்காரர் போட்ட சாவி வெறும் கதவுச் சாவியாகிவிடும்.

இன்சூரன்ஸில் இந்தச் செலவு எதுவும் கிடைக்கவில்லை. சாவி தொலைவதற்குத் தனி ஆட்-ஆன் உண்டு, எங்கள் பாலிசியில் அது இல்லை. ஆனாலும் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, சி.எஸ்.ஆர். நகலையும் சாவி வாங்கிய பில்லையும் இணைத்தேன். வண்டி திருடு போய் கிளைம் கேட்டால் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்று குறைந்தால் சாவியை வண்டியிலேயே விட்டீர்களா என்ற கேள்வியில் தொடங்கி கிளைம் இழுபறியாகும். அவர்களிடமிருந்து மெயில் கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது. அதை பாலிசியோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

புதுப்பிக்கும்போது சாவி ஆட்-ஆன் விலையைக் கேட்டேன், சில நூறு ரூபாய்தான். போட்டாயிற்று. போலீஸ் ரசீது கட்டாயம், பாலிசிக் காலத்தில் இத்தனை தடவைதான் என்று வரம்பு, தொகைக்கும் உச்சவரம்பு என்று அதில் நிபந்தனைகள் இருக்கின்றன. ஏஜெண்ட் அந்தப் பக்கத்தை வேகமாகத் தள்ளப் பார்ப்பார், நிறுத்திப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.