பெற்றோரின் கெடுபிடிக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

எல்லாக் கெடுபிடிக்கும் 'ஸ்ட்ரிக்ட்' என்று எழுதிவிடாதீர்கள். விதி போட்டு அதில் உறுதியாக நிற்பவர்தான் ஸ்ட்ரிக்ட். அதில் குறை சொல்லும் தொனி அவ்வளவாக இல்லை. பிள்ளை என்ன படிக்கணும், யாரோடு பேசணும் என்பதுவரை தானே தீர்மானிப்பவர் 'கன்ட்ரோலிங்'. 'ஹெர் பேரன்ட்ஸ் ஆர் வெரி கன்ட்ரோலிங்' என்றால் அது அவர்கள் குணம். 'வெரி'யை எடுத்துவிட்டு, கடைசியில் 'ஹெர்' சேர்த்தால் இப்போது நடக்கும் செயலாகிவிடும்.

அதட்டி அடக்குபவரை நம்மூரில் 'டாமினேட்டிங்' என்கிறோம். அங்கே பொருந்துவது 'டாமினீரிங்'. அழுத்தம் 'நீ'யில் விழணும். பாசத்தாலேயே மூச்சுமுட்ட வைப்பவர் 'ஸ்மதரிங்'. பயந்துபோய் வெளியே விடாதவர் 'ஓவர்புரொடெக்டிவ்'. மகன் கல்லூரிக்குப் போன பிறகும் மார்க் கேட்டுப் பேராசிரியருக்கு போன் போடுபவர் 'ஹெலிகாப்டர் பேரன்ட்'. இது பேச்சுக்கும் பத்திரிகைக்கும் சரி, அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.

ரொம்பப் பேர் சறுக்குவது 'அதாரிட்டேரியன்', 'அதாரிட்டேட்டிவ்' இரண்டிலும். 1960களில் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் வகுத்த பிரிவுகள் இவை. முதலாமவர் சொன்னதைச் செய், காரணம் கேட்காதே என்பவர். இரண்டாமவர் கட்டுப்பாடு வைப்பார், காரணமும் சொல்வார், பிள்ளை பேசுவதையும் கேட்பார், அது பாராட்டு. கட்டுரையில் மாற்றிப் போட்டால் திட்ட நினைத்தவரைப் புகழ்ந்துவிடுவீர்கள்.