சைக்கோலஜி சயன்ஸா? எட்டு கப் தேத்தண்ணி போதும்

ஏ/எல் பயோ செஞ்ச சொந்தக்காரத் தம்பி ஒருத்தன் இருக்கான், நான் சைக்கோலஜி படிக்கிறேன்னு சொன்னாலே போதும், "அதெல்லாம் சயன்ஸா அக்கா, ஆளுங்ககிட்ட கதைக்கிறதுதானே"ன்னு ஆரம்பிச்சிருவான். மைக்ரோஸ்கோப்பும் வெள்ளக் கோட்டும் இருந்தாத்தான் சயன்ஸுன்னு ஒரு நெனப்பு, அவனுக்கு மட்டுமில்ல, இங்க பாதிப் பேருக்கு.

சரி. பரிசோதனைய எப்படி ஒழுங்கா அமைக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தவங்கள்ல பெரிய ஆளு ரொனால்ட் ஃபிஷர்ங்கிற இங்கிலாந்துப் புள்ளிவிவரக்காரரு. 1935ல அதுக்குன்னே ஒரு புத்தகம் எழுதினாரு, அதுல மொத உதாரணமா அவரு எடுத்தது என்னான்னா தேத்தண்ணி. ஒரு அம்மா, கப்புல பால முதல்ல ஊத்தினீங்களா தேயிலைச் சாயத்த முதல்ல ஊத்தினீங்களான்னு குடிச்சே சொல்லிருவேங்கிறாங்க. எட்டு கப், பால் முதல்ல நாலு, சாயம் முதல்ல நாலு, நாலு நாலுன்னு மட்டும் சொல்லிட்டு, எது எப்ப வரும்னு குடிக்கிறவங்களுக்குத் தெரியாம சீட்டுக் குலுக்கினாப்ல கலந்து குடுக்கணும். சும்மா அடிச்சுவிட்டு எட்டையும் சரியாச் சொல்றதுக்கு 70ல ஒரு வாய்ப்புத்தான். ஆனா பால் முதல்ல ஊத்தின நாலுல மூனு சரியா வந்தாலும் பாஸ்தான்னு விட்டுக் குடுத்தீங்கன்னா அது 70ல 17 ஆயிரும், கிட்டத்தட்ட நாலுல ஒன்னு, அப்புறம் அதுல என்னா மதிப்பு இருக்கு? அதனால எத்தன சரியா வந்தா ஒத்துக்கிறதுங்கிறத கப்ப நீட்டுறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிரணும். இங்க சோதிக்கிறது தேயிலைய இல்ல, ஒரு மனுசியோட நாக்க. அந்த அத்தியாயத்துத் தலைப்புலயே சைக்கோ-பிசிக்கல், அதாவது மனுசன் புலனால உணர்றத அளக்கிற பரிசோதனைன்னுதான் போட்டிருக்கு. தம்பிக்கு இதச் சொன்னேன், பேச்ச மாத்திட்டான்.

ஃபிஷரோட இங்கிலாந்துல ரோத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல வேல செஞ்ச ஈடன்ங்கிறவரு பிறகு சிலோனுக்கு வந்து நம்ம தேயிலை ஆராய்ச்சி நிலையத்துலயும் இந்த மாதிரி முறையெல்லாம் போட்டாரு. எந்த உரம் நல்லதுன்னு பாக்கணும்னா, மேட்டுல மண்ணு ஒரு மாதிரி, பள்ளத்துல ஒரு மாதிரி, நமக்குப் பிடிச்ச உரத்த நல்ல மண்ணாப் பாத்துப் போட்டா அது ஜெயிக்கத்தானே செய்யும், அதான் எந்த நிலத் துண்டுக்கு எந்த உரம்னு குலுக்கிப் போடுறது.

ஆனா ஒன்னு, தேயிலைச் செடிக்கு தோட்டத்துத் தொர பாக்கிறாரா இல்லையான்னு தெரியாது. மனுசனுக்குத் தெரியும். ஒரு தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற மடுவத்துல நடந்த ஒரு சர்வேக்கு நானும் கூடப் போயிருந்தேன், வேலையில திருப்தியான்னு ஒரு கேள்வி, கங்காணி வெத்தலைய மென்னுக்கிட்டு பக்கத்துலயே நிக்கிறாரு, கேட்ட அத்தன பேரும் திருப்தி. கொழுந்த இறக்கி வச்ச ஒரு அக்கா வாயத் தொறக்க முன்னமே கண்ணு அவரு பக்கம் போச்சு. அந்த ஃபோர்ம எந்தக் கம்பியூட்டர்ல போட்டு என்னா பிரயோசனம். இதுதான் சைக்கோலஜியோட கஷ்டம், பிசிக்ஸ்காரங்களுக்கு இந்தத் தொல்ல இல்ல, எலக்ட்ரோன் யாருக்கும் பயப்படாது.

எது சயன்ஸ்னு யோசிச்ச தத்துவக்காரரு கார்ல் பொப்பர், மனசப் பத்திப் பெரிய கோட்பாடு சொன்ன ஃப்ராய்ட், அட்லர் ரெண்டு பேரையும் குத்தம் சொன்னதும் நியாயம்தான். ஐன்ஸ்டைன் சொன்ன அளவு வெளிச்சம் சூரியன்கிட்ட வளையலன்னா 1919 கிரகணத்தோட அவரு கதை கந்தல். ஃப்ராய்ட், அட்லர் பக்கம் ஆளு என்னா செஞ்சாலும் அதுக்கு ஒரு விளக்கம் ரெடி, குறி சொல்றவங்க மாதிரி, பலிச்சாலும் பலிக்காட்டியும் அவங்க சொன்னதுதான். ஆனா அத வச்சி சைக்கோலஜி மொத்தத்தையும் தூக்கி எறியிறது அநியாயம்.

100 சைக்கோலஜி ஆய்வுகளத் திரும்பச் செஞ்சு பாத்து 2015ல வெளியிட்டாங்க. முதல் தடவ 97 வீதத்துல, தற்செயல்னு தள்ள முடியாத அளவு முடிவு கிடைச்சிருந்திச்சு, ரெண்டாந்தடவ 36 வீதந்தான். உடனே எல்லாரும் சிரிச்சாங்க. திரும்பச் செஞ்சு, நாங்க விழுந்துட்டோம்னு பகிரங்கமாப் போட்டதே சைக்கோலஜிக்காரங்கதான்ங்கிறத யாரும் பேசல. அம்ஜென்ங்கிற மருந்துக் கம்பெனிக்காரங்க பேர் போன 53 புற்றுநோய் ஆய்வுகளத் திரும்பச் செஞ்சு பாத்ததுல 6 தான் தேறிச்சுன்னு 2012ல வெளியிட்டாங்க, அதுக்காக பயோவ யாரும் ஆர்ட்ஸ் பக்கம் தள்ளல.

எனக்கு இருக்கிற கடுப்பு வேற. பெரிய சைக்கோலஜி சஞ்சிகைகள்ல வந்த ஆய்வுகள எண்ணிப் பாத்து 2008ல ஒரு கணக்கு வந்திச்சு, கலந்துகிட்டவங்கள்ல 96 வீதம் பேர் மேற்கத்திய பணக்கார நாட்டுக்காரங்க, உலக சனத்தொகையில அந்த நாடுகள்ல இருந்தது வெறும் 12 வீதம். அத வச்சி தோட்டத்து லயத்து வீட்டுல இருக்கிற அக்காவோட மனசப் பத்திப் பேச வேணாம், இங்கயே வந்து கேளுங்க, கங்காணிய டீ குடிக்க அனுப்பிட்டு.