சுவரில் மோதிய தலை

திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், செக்கிங் மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் ஒரே பீஸை மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டு, பார்த்தது நினைவில்லாமல் மீண்டும் கையில் எடுப்பார். டியூப்லைட் வெளிச்சம் தாங்காமல் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொள்வார். சூப்பர்வைசர் அவருக்கு அக்கறை போதாது என்றார். மாமியார் வீட்டார் மந்திரித்த கயிறு கட்டிவிட்டார்கள். கணவன் அவர் தலையைச் சுவரில் மோதியது எங்களில் பலருக்குத் தெரிந்திருந்தும், அந்த அடியையும் இந்த மறதியையும் நான் உட்பட ஒருவரும் சேர்த்து யோசிக்கவில்லை.

மூளை அதிர்வதற்கு மண்டை உடைய வேண்டியதில்லை, மயக்கம்கூட வர வேண்டியதில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, தூக்கக் கேடு, காரணமில்லாத எரிச்சல், வெளிச்சமும் இரைச்சலும் பொறுக்காமை ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கலாம். ஆறுவதற்குள் மறுபடியும் அடி விழுந்தால் நிலைமை மோசமாகும். சி.டி. ஸ்கேன் சரியாக இருந்தால் ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ தென்படவில்லை என்றுதான் பொருள், மூளை அதிரவில்லை என்று பொருளல்ல. குத்துச்சண்டை வீரர்களிடம் கண்ட மூளைச் சிதைவைக் கணவனிடம் பல ஆண்டுகள் அடிபட்ட ஒரு பெண்ணிடமும் கண்டதாக 1990இலேயே லான்செட் என்ற மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஒருநாள் டீ நேரத்தில், யாரும் அருகில் இல்லாதபோது, "அம்மிணி, எப்பவாச்சும் கழுத்தை நெரிச்சானா?" என்று கேட்டேன். வெகுநேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு இருட்டிக்கிட்டு வந்துதுங்க்கா. அப்பறம் என்ன ஆச்சுன்னே தெரியலீங்" என்றார். அவர் கழுத்தில் ஒரு தடம்கூட இல்லை. கழுத்தை நெரிக்கும்போது மூளைக்குப் போகும் ரத்தமும் ஆக்சிஜனும் தடைபடுகின்றன. ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்தால் சில நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். ஆகவே கழுத்து நெரிபட்டவரை, வெளியே காயம் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு பக்கம் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் 108ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

கணவன் முன்னாலோ மாமியார் முன்னாலோ இதைக் கேட்கவே கூடாது. கேட்டதற்கும் அந்தப் பெண்தான் அடி வாங்குவார். உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மருத்துவச் செலவையும் கோரலாம். அதற்கு மருத்துவரின் குறிப்பு பெரிய துணை.

மறுவாரம் நாங்கள் இருவரும் அரை நாள் லீவு போட்டு மருத்துவமனைக்குப் போனோம். தலையில் பட்ட அடியையும் கழுத்து நெரிப்பையும் மருத்துவர் ஓ.பி. சீட்டில் எழுதினார். அந்தப் பெண் அதை இரண்டாக மடித்து, வீட்டுக்குக் கொண்டுபோகாமல், என்னிடம் கொடுத்துவைத்தார்.